ஐடா ஸ்கடர் அம்மையார்

ஐடா ஸ்கடர் அம்மையார் (1870–1960) இராணிப்பேட்டையிற் பிறந்தவர். ஆண் வைத்தியரை அண்டவிடாத வழக்கத்தால் மூன்று பெண்டிர் ஓரிரவிலேயே பிரசவத்தில் மாண்டமை கேட்டுத் தாமே வைத்தியம் பயின்றார். 1902இல் வேலூரில் மாதர்க்கென ஆஸ்பத்திரி கண்டார். இவற்றை யாவரும் அறிவர். யாம் வியப்பது 1918ஆம் ஆண்டையே. உலகைச் சூழ்ந்த இன்புளுயென்சா சுரம் அவ்வாண்டு சென்னை மாகாணத்திலும் புகுந்தது. கருவுற்ற மாதரைப் பிறரினும் கடுமையாய் வாட்டியது அந்நோய். அவர்தம் நாடி தொட்டுப் பார்க்கப் பெண் வைத்தியரோ மிகச் சிலர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மையார் வேலூரிலே பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். சேர்வார் யாரென்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151! முதலாண்டுப் பரீட்சை எழுதிய பெண்கள் 14 பேரும் தேறினர். மாகாணத்து ஆடவருள் ஐவர்க்கு ஒருவரே தேறினராம். ஆண் மாணாக்கராகிய எமக்குச் சிறிது நாணந்தான்.