நஞ்சில் மருந்து கண்ட அறிஞர்

குருதி உடலெங்கும் தடையின்றி ஓடுதல் வேண்டும். காயம் பட்டவிடத்து உடனே உறைதலும் வேண்டும். இவ்விரண்டும் தத்தம் அளவில் நிற்குங்காறும் உடல் நலமுற்றிருக்கும். உறைதல் மிகின், இதயத்தின் குருதிக் குழாய் அடைபட்டு மாரடைப்பும், மூளையின் குழாய் அடைபட்டுப் பக்கவாதமும் உண்டாகும். உறைதல் குன்றின், சிறு காயமும் உயிரைக் கவரும். இவ்வளவை ஆளும் வழியை மருத்துவர்க்கு அளித்தோருள் ஒருவர் கார்ல் பால் லிங்க் என்பார்.

லிங்க் 1901ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஐரோப்பா சென்று மேலும் கற்று மீண்டு, அப்பல்கலைக்கழகத்திலேயே உயிர்வேதியியற் பேராசிரியராக அமர்ந்தார்.

1933ஆம் ஆண்டில், பனிப்புயல் வீசிய ஒருநாள், உழவர் ஒருவர் அவரை நாடி வந்தார். இறந்த கிடாரி ஒன்றும், பாற்கலம் ஒன்றில் உறையாத குருதியும், கெட்டுப்போன உலர்தீவனமும் கொண்டுவந்திருந்தார். அவர்தம் மாடுகள் குருதி பெருகி மாண்டுகொண்டிருந்தன. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் பயிர் கெடுவதால் அந்நோய் வருவது முன்னரே தெரிந்ததே. ஆயின் அதனுள் மறைந்திருந்த நஞ்சு யாதென எவரும் அறியார். தீவனத்தை மாற்றுமாறு கூறுவதன்றி லிங்கால் அன்று பெரிதும் உதவ இயலவில்லை.

லிங்கும் அவர்தம் மாணாக்கரும் ஆண்டுகள் பல அயராது உழைத்தனர். 1939இல் அந்நஞ்சு படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. டைகூமரால் எனப் பெயர்பெற்ற அது, குருதி உறைதற்கு வேண்டிய வைட்டமின் கே என்பதன் தொழிலைத் தடுப்பது. அதன் இனமாகிய வார்ஃபரின் 1948இல் எலிகளைக் கொல்லும் நஞ்சாக வெளிவந்தது. 1954இல் மக்களுக்குரிய மருந்தாக ஏற்கப்பெற்றது. 1955இல் மாரடைப்புற்ற குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அம்மருந்து அளிக்கப்பட்டது.

எனினும், அம்மருந்து இருபுறமும் கூரிய வாள் போன்றது. அளவு குறையின் குருதி கட்டியாகும். மிகின் மூளையிலும் குடலிலும் குருதி கசியும். ஆதலின் மருத்துவர் குருதியை அடிக்கடி சோதித்து, அஃது உறையும் காலத்தை அளந்து, ஒவ்வொருவர்க்கும் ஏற்ற அளவை வகுக்கின்றனர். அளவு மிகுந்துழி, வைட்டமின் கே மாற்று மருந்தாகிறது. பக்கவாதமுற்றார்க்கோ, நோய் அடைப்பால் வந்ததா, கசிவால் வந்ததா என்று தெளிந்த பின்னரே மருந்தளிப்பர். பிற்காலத்தே தோன்றிய புதிய மருந்துகளுக்கும் இந்நெறி பொருந்தும்.

லிங்க் 1978இல் மறைந்தார். உழவர் ஒருவரின் துயரைத் தம் ஆராய்ச்சிக்கு வித்தாகக் கொண்டமையால், மாடுகளை மாய்த்த நஞ்சு மாந்தரைக் காக்கும் மருந்தாயிற்று. நஞ்சினையும் மருந்தினையும் பிரிப்பது அளவே என்பதை அவர் வாழ்வு நன்கு உணர்த்துகின்றது.