ரோசாப்பூ துரை

உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆண்மக்களுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கம் முன்பு இருந்தது. ஒரு பூவின் பெயர் ஆண்பிள்ளைக்கு இடப்பட்டது ஏன் என்று வினவினால், அதற்கான விடை ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. அவர் அவ்வூரினர் அல்லர். அம்மக்களின் குலத்தவரும் அல்லர். ஜோசப் என்னும் அவர் பெயர் நாட்டுப்புற மக்களின் நாவில் ரோசாப்பு என்றாகி, பின்பு பூவாகவே மலர்ந்துவிட்டது.

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு சூன் 5 அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் பிறந்தார். புகழ்பெற்ற இதழாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மெய்யியலும், இலண்டனில் சட்டமும் கற்று, 1909இல் தாயகம் திரும்பினார். சென்னையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு மதுரைக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய தொழில் விரைவில் செழித்தது. எந்தக் குறையுமின்றி வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவரிடம் வந்த வழக்குகளுள் சில அவரை அவ்வாறு இருக்க விடவில்லை.

அவ்வழக்குகளின் பின்னணியை அறிந்தால்தான் அவருடைய பணியின் அளவு புரியும். மதுரைக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்கள் பிறமலைக் கள்ளர்கள். ஊர்களைக் காவல் காப்பது அவர்களுள் பலருக்கு மரபுவழித் தொழில். விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குக் காவற்கூலியாக அளக்கப்பட்டது. பொருள் களவுபோனால் அதை மீட்டுத் தருவதும், இயலாதபோது ஈடு செய்வதும் காவற்காரரின் கடமை. இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. காவற்கூலி தராத ஊரில் மாடுகள் மறைவதும், துப்புக்கூலி பெற்றுக்கொண்டு அவை மீட்கப்படுவதும் நிகழ்ந்தன. எனினும், ஊராரும் காவற்காரரும் ஏற்றுக்கொண்ட சமூகக் கட்டுப்பாட்டு முறையாக அது நெடுங்காலம் நிலவியது. ஆங்கில அரசு தன் காவல்துறையை நிறுவியபின் பழைய காவல் முறை குற்றமாகக் கருதப்பட்டது. தொழில் போயிற்று, மாற்று வழி எதுவும் காட்டப்படவில்லை.

வட இந்தியாவில் 1871இல் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின்மூலம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் 1914இல் அது நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் அனைவர்மீதும் பாய்ந்தது. ஒருவர் திருடினாரா என்பது அங்கு வினாவே அன்று. இன்ன குலத்தில் பிறந்தார் என்பதே போதும். அவருடைய கைரேகை பதிவேட்டில் ஏறிவிடும். ஆதலின் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஆண்கள் இரவு நேரத்தில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ சென்று படுக்க வேண்டும். வெளியூர் செல்வோர்க்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு இராத்திரிச் சீட்டு என்று பெயர். மனைவிக்குப் பேறுகாலம் என்றாலும், வயலில் நீர் பாய்ச்ச வேண்டும் என்றாலும் விலக்கில்லை. வராதவர் குற்றவாளி ஆவார். குற்றம் செய்யாதவரையும் குற்றவாளியாக்கும் வழியைச் சட்டமே அமைத்துத் தந்தது என்பதை மாணவர்கள் இங்கே கருதிப் பார்க்க வேண்டும்.

பிறழ்நடத்தைக்குக் காரணம் பிறப்பிலும் குருதியிலும் இருக்கிறது என்பது அக்காலத்து ஆட்சியாளர் பலரின் நம்பிக்கை. சமூகவியல் பின்னாளில் வேறு விளக்கம் தந்தது. ஒருவர்மீது தீயவர் என்னும் முத்திரையைக் குத்தி, அவ்வாறே அவரை நடத்திவந்தால், அவர் வேறுவிதமாக வாழும் வழிகள் அடைபடுகின்றன என்று 1938இல் அமெரிக்க அறிஞர் பிராங்க் டானன்பாம் எழுதினார். ஹோவர்டு பெக்கர் 1963இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை மேலும் வளர்த்தது. இந்நூல்கள் வெளிவருமுன்பே மதுரை வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரர்களின் வாழ்விலிருந்து இவ்வுண்மையை உணர்ந்திருந்தார்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று, கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மாயக்காள் என்னும் பெண்மணி. குண்டடிபட்டு வீழ்ந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர். பிடிபட்டோர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்திற்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். இச்சட்டத்தின் கொடுமையை எடுத்துரைத்து இதழ்களில் எழுதினார். வாதத்திறமைக்கு அங்கே இடம் மிகக் குறைவு. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புச் சரியா என்று கேட்கும் உரிமை எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை என்று சட்டமே கூறியது. பதிவேட்டில் தம் பெயர் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று தனியொருவர் மாவட்ட நிருவாகத்திடம் முறையிடலாம்; அவ்வளவே. பூட்டிய கதவின் சிறு துளை வழியே ஒவ்வொருவராக மீட்பது போன்ற பணி அது. அதில் பணமும் இல்லை. பெரும் புகழும் இல்லை. அவரைப் போற்றுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

அவருடைய பொதுவாழ்வு இதனினும் விரிந்தது. தன்னாட்சி இயக்கத்தின் சார்பில் 1918இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர், சிப்ரால்டரில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைவதில் முன்னின்றார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்து, அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இதழுக்கு ஆசிரியராகி, 1921இல் சிறை புகுந்தார். பின்பு காந்தியடிகளின் யங் இந்தியா இதழையும் நடத்தினார். 1924இல் வைக்கம் போராட்டத்தில் கைதானார். அது இந்துக்களே தீர்க்க வேண்டிய சிக்கல் என்று காந்தியடிகள் கருதினார். தெருவில் நடக்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானது என்பது ஜோசப்பின் நிலைப்பாடு. தாம் மதித்த தலைவரோடும் அவர் மாறுபடத் தயங்கவில்லை. விருதுநகர்ச் சதி வழக்கில் 1933இல் இளைஞர் காமராசர் சிக்கவைக்கப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவுடன் சேர்ந்து வாதாடி விடுவித்தவரும் இவரே.

1937இல் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், உடல் ஒத்துழைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று மதுரை அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதே. அவர் எதிர்த்த சட்டம் அன்றும் உயிரோடு இருந்தது. அவர் வாதாடிய ஊர்களில் ஆண்கள் அன்றிரவும் சாவடிக்குச் சென்றிருப்பர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் போராட்டத்தைத் தொடர்ந்தனர். சுப்பராயன் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்கியது 1952இல். பதிவேடுகளில் இருந்த மக்கள் அதன்பின் சீர்மரபினர் எனப்பட்டனர்.

மதுரை யானைக்கல் பகுதியில் அவருக்குச் சிலை உள்ளது. அவருடைய நினைவு நாளில் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் அங்கு வந்து மாலை அணிவிக்கின்றனர்.