நீதியும் இசையும் நட்பும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழ் இலக்கிய வரலாறு பயிலும் மாணவர்க்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் பெயர் புதியதன்று. தமிழின் முதல் நாவலை இயற்றியவர் யார் என்ற வினாவுக்குரிய ஒரு மதிப்பெண் விடையாக அப்பெயரை அவர்கள் மனத்தில் இருத்திக் கொள்கின்றனர். ஆயின் அவ்வொரு விடைக்குள் அடங்கிவிடக் கூடியதன்று அவர்தம் வாழ்வு. அரசுப் பணியாளராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் புலவர்க்கு உற்ற நண்பராகவும் அவர் வாழ்ந்த நெறியை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

இளமையும் பணியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில், 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த அவர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அதன்பின் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தமையால் வழக்காடும் எளிய மக்கள் அவற்றை அறிய இயலாதிருந்தது. இக்குறையைக் களைய எண்ணி, 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். தமிழ் மக்களின் வழக்கைத் தமிழிலேயே வாதாட வேண்டும் என்ற கருத்தைப் பின்னாளில் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் அழுத்தமாக எடுத்துரைத்தார். 1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து பாடினார். நீதி வழங்கும் நாற்காலியில் அமர்ந்திருந்தவரே அக்குற்றத்தைச் சாடினார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புலவர் கூட்டு

அவருடைய நண்பர்களுள் தலையாயவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் சைவப் பெரும்புலவர், இவரோ கத்தோலிக்கர். அவர் பாடிய சீகாழிக் கோவை சீகாழியில் அரங்கேறியபோது அங்கே முன்சீப்பாக இருந்த இவர் மகிழ்ந்து போற்றினார். மகாவித்துவானோ இந்நண்பரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இந்நட்பு வட்டத்தினரே. நீதிமன்ற அலுவல் முடிந்த பின் தமிழும் இசையுமே அவருக்குத் துணையாயின.

1872இல் பணியினின்று விலகிய பின்னரும் அவரது பொதுத்தொண்டு ஓயவில்லை. மாயூரம் நகராட்சித் தலைவராகவும் அவர் தொண்டாற்றினார். 1876இல் மகாவித்துவான் மறைந்தார். அவ்வாண்டிலேயே தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைத் தாக்கத் தொடங்கியது. பதவி ஏதுமில்லா நிலையிலும் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அவருடைய வேண்டுகோளை ஏற்றுச் சுப்பிரமணிய தேசிகரும் வறியவர்க்கு உதவினார். மனிதரைப் பாடும் வழக்கமில்லாத கோபாலகிருஷ்ண பாரதியார், இந்த அறச்செயலைக் கண்டு மனமுருகி அவர்மீது ஒரு கீர்த்தனை இயற்றினார். சிவபக்தராகிய இசைப்புலவர் ஒருவர் கிறித்தவ அன்பரைப் பாடியதற்குக் காரணம் செல்வமன்று, பதவியுமன்று. பிறர்க்கு இட்ட சோறே ஆகும்.

சமரசம்

1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை அவருடைய இசைப் பணியின் சிகரம். எச்சமயத்தாரும் தம் இறைவனை எண்ணிப் பாடுமாறு, ஒரு சமயத்திற்கே உரிய தெய்வப் பெயர்களை நீக்கிப் பாடல்களை அமைத்தார். இறைவன் அருள், பெற்றோர் பெருமை, உத்தியோகம், பஞ்சத்தின் துயர் என வாழ்வின் பல துறைகளும் அவற்றுள் இடம்பெற்றன.

இந்தச் சமரசத்தின் பொருளை நாம் பிறழ உணர்தல் ஆகாது. தேவமாதா அந்தாதி பாடிய அவர் தம் சமயத்தில் இறுதிவரை உறுதியாக நின்றவர். தம் சமயத்தை விட்டுக் கொடுத்து அவர் சமரசம் காணவில்லை. பிறர் தம் சமயத்தை விட்டுக் கொடுக்குமாறும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நெறியில் நின்றவாறே ஒரே பண்ணில் குரல் சேர்க்க இயலும் என்று காட்டினார். உருவமற்ற ஏக இறைவனை வணங்கும் நம்மவர்க்கும் இப்பாடல்கள் அயலாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

பிரதாப முதலியார் சரித்திரம் 1879இலும் சுகுணசுந்தரி 1887இலும் வெளிவந்தன. பெண்கல்விக்காகப் பெண்மதிமாலை பாடியவர், ஆண் வேடத்தில் நாடாளும் ஞானாம்பாளை நாவலில் படைத்ததில் வியப்பில்லை. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

பல சமயத்து மாணவர் ஒரே வகுப்பறையில் அமர்ந்து தமிழ் பயிலும் நம் கல்லூரி போன்ற இடங்களுக்கு அவர் வாழ்வு பெரிதும் ஏற்ற பாடமாகும். நம் மாணவர்கள் நாவலோடு நின்றுவிடாமல் கீர்த்தனைகளையும் எடுத்துப் படித்தல் வேண்டும். படித்ததை அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரோடு சேர்ந்து பாடவும் வேண்டும்.