சிதம்பரம் தந்த கனத்த குரல்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் பழைய திரைப்பாடல் ஒலிக்கும்போதெல்லாம் என் செவி சி.எஸ்.ஜெயராமனின் குரலைத் தேடும். 1917-இல் சிதம்பரத்தில் இசைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஊர்ப்பெயரையே தலைப்பெழுத்தாகச் சுமந்தவர்.

1952-இல் 'பராசக்தி' வழியே சிவாஜி கணேசன் திரைக்கு வந்தபோது, அப்புதுமுகத்துக்காகப் பாடியவர் ஜெயராமன். 1954-இல் 'ரத்தக் கண்ணீர்' படத்தில் எம்.ஆர்.ராதாவுக்குப் பாடியதோடு பாடல்களுக்கு இசையும் அமைத்தார். அதே ஆண்டு வெளியான 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடினார். நடிகரின் பேச்சுக்குரலோடு இயைந்த அப்பாணியை ரசிகர்கள் விரும்பினர். தயாரிப்பாளர்களும் அவ்வழியே சென்றனர்.

1960-இல் 'தெய்வப்பிறவி', 'பாவை விளக்கு' ஆகியவற்றில் ஜெயராமன் பாடியவை இன்றும் நிலைத்துள்ளன. ஆயினும், அறுபதுகள் வளர வளர அவருக்கு வாய்ப்புகள் அருகின. அவர் குரலில் குறை ஏதும் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாயகனின் சாயலே பாடகரிடமும் வேண்டும் என்று திரையுலகம் எதிர்பார்க்கத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்பேன்.

1995-இல் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் நாட்டியாஞ்சலி கொண்டாடும் தில்லை நகரம், தன் மண்ணில் பிறந்த இக்கலைஞருக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். இளைய தலைமுறை அக்குரலைக் கேட்க அதுவே வழி.