பெயர் பொறிக்காத கைவினைஞர்

வயலினின் தந்திகளைப் பேசவைப்பது வில். ஏறத்தாழ 60 கிராம் எடையே உடைய அம்மெல்லிய கோலுக்கு இன்றைய வடிவை அளித்தவர்களுள் தலையாயவர், பிரான்சு நாட்டுக் கைவினைஞர் பிரான்சுவா சவியே தூர்த்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரில் தூர்த் பிறந்தார். தந்தையும் தமையனும் வில் செய்பவர்கள். எனினும் அவர் இளமையில் கடிகாரத் தொழிலை மேற்கொண்டார். எட்டு ஆண்டுகள் உழைத்தும் வருவாய் போதாமையால் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். எழுதப் படிக்க அறியாத அவர், சர்க்கரைப் பீப்பாய்களின் பழம்பலகைகளைச் செதுக்கிக் கைப்பழக்கம் பெற்றார் என்பர். கடிகாரப் பட்டறை கற்பித்த நுட்பமும் அவருக்குத் துணைநின்றது.

அக்காலத்தில் விற்கள் பல நீளங்களில் இருந்தன. அவற்றுள் பல நேராகவோ மேல்நோக்கி வளைந்தோ அமைந்திருந்தன. பெரிய அரங்குகளில் முழங்கும் புதிய இசைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. 1782ஆம் ஆண்டு பாரிசுக்கு வந்த இத்தாலிய வயலின் மேதை வியோட்டியின் தேவைகளையும் கருத்துகளையும் தூர்த் செவிமடுத்தார் எனக் கூறுவர்.

நெகிழ்வும் உறுதியும் ஒருங்கே வாய்ந்த மரத்தை அவர் தேடினார். பிரேசிலிலிருந்து சாயம் எடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பெர்னாம்புகோ மரமே அதற்கு ஏற்றது எனக் கண்டார். முடிச்சும் கோணலும் மலிந்த கட்டைகளில் நேரான இழையோட்டம் உடைய துண்டு கிடைப்பது அரிது. கிடைத்த துண்டையும் அவர் வளைவாக அறுக்கவில்லை. அறுத்தால் இழைகள் துண்டிக்கப்பட்டுக் கோல் வலுவிழக்கும். நேராகச் செதுக்கி, உட்புறம்வரை சூடேறச் செய்து, குதிரைமயிரை நோக்கி உள்வளைத்தார். அவ்வளைவால், மயிரை முறுக்கி இறுக்கும்போதும் கோல் தன் விசையை இழப்பதில்லை. வயலின் வில்லின் நீளத்தை ஏறத்தாழ 74 செ.மீ. என வரையறுத்தார். மயிர்கள் நாடாபோல் தட்டையாகப் பரவி நிற்கவும் வழிசெய்தார்.

கடற்போர்களால் அம்மரம் அரிதாகி விலையேறிய நாள்களிலும் அவர் தம் அளவுகோலைத் தளர்த்தவில்லை. சிறு குறை தென்பட்டாலும் முடிந்த வில்லை அழித்துவிடுவார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. குறையற்ற விற்களிலும், மிகச் சிலவற்றைத் தவிர, அவர் தம் பெயரைப் பதிக்கவில்லை. முதுமையில் பார்வை மங்கும்வரை பணியாற்றினார். ஓய்வு வேளைகளில் செய்ன் ஆற்றில் மீன் பிடித்து மகிழ்ந்தார். 1835ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் தேர்ந்த மரம் இன்று அழியும் நிலையை எட்டியுள்ளது. அதன் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆயினும் அவர் செம்மைப்படுத்திய வடிவம் நிலைத்துள்ளது. மேலைநாட்டு அரங்கிலும் கருநாடக இசை மேடையிலும் வயலின் கலைஞர் ஏந்தும் வில் அவ்வடிவினதே. எழுத்தறியாத அக்கைவினைஞரின் கையொப்பம் அவ்வளைவிலேயே உள்ளது.