யார் இந்த சார்லஸ் டோனவன்? சென்னை ஜி.ஹெச். டாக்டர் பெயர் கிருமிக்கு வந்த கதை

பார்கின்சன், அல்சைமர், ஹாட்ஜ்கின்... மெடிக்கல் ரிப்போர்ட்டில் வரும் இந்தப் பெயர்கள் எல்லாமே அந்த நோய்களைப் பற்றி முதலில் விவரமாக எழுதிய டாக்டர்களோட பெயர்கள். இந்த லிஸ்ட்டில் சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச்.சில் வேலை பார்த்த ஒருத்தரும் இருக்கிறார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு நோய்களில்!

யார் இவர்?

1863ல் கொல்கத்தாவில், ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் டோனவன். அயர்லாந்தில் மருத்துவம் படித்து, 1891ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பிறகு சென்னைக்கு வந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பேராசிரியர், ஜி.ஹெச்.சில் டாக்டர் என இரண்டு வேலையும் பார்த்தார்.

மலேரியா இல்லைன்னா வேற என்ன?

அப்போது ஒரு வகை காய்ச்சல் டாக்டர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் காய்ச்சல், வீங்கிப்போன மண்ணீரல், எலும்பும் தோலுமான உடம்பு. குயினைன் கொடுத்தும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் இறந்துபோனார்கள். வடகிழக்கில் இதற்குப் பெயர் காலா அசார். முற்றிய மலேரியா என்றே பலரும் நினைத்தார்கள். மலேரியா கொசு மூலம் பரவுவதை நிரூபித்த ரொனால்ட் ராஸ்கூட ஒரு கட்டத்தில் அப்படித்தான் நம்பினார்.

கொல்கத்தா பக்கத்து டம்டமில் வேலை பார்த்து, இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் நுண்ணிய முட்டை வடிவப் பொருட்களை 1900ல் பார்த்தார் வில்லியம் லீஷ்மன். அதை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1903 மே மாதம். வேறொரு ஒட்டுண்ணி, ஆள் இறந்த பிறகு சிதைந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது அவருடைய யூகம்.

சென்னையில் போஸ்ட்மார்ட்டம் செய்தபோது டோனவனும் அதே பொருட்களைப் பார்த்திருந்தார். லீஷ்மன் கட்டுரை வந்ததும் அவர் முன்னால் இருந்தது ஒரே கேள்வி: இது இறந்த பிறகு வர்றதா, உயிரோடு இருக்கும்போதே இருக்கா?

பதில் தெரிய ஒரே வழி, உயிரோடு இருப்பவரின் மண்ணீரலில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது. உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. 1903 ஜூனில் காய்ச்சலோடு வந்த ஒரு சிறுவனிடம் அந்தச் சோதனையைச் செய்தார். மைக்ராஸ்கோப்பில் அதே முட்டை வடிவங்கள்! சிதைவு என்ற யூகம் அதோடு முடிந்தது. இது மலேரியா இல்லை, புது ஒட்டுண்ணி என்பதற்கான வழி திறந்தது.

யார் பெயரை வைப்பது?

யார் முதலில் கண்டுபிடித்தது என்று சண்டை வந்தது. அதே ஆண்டு ராஸ் ஒரு சமரசம் செய்தார். ஒட்டுண்ணிக்கு அவர் வைத்த பெயர் 'லீஷ்மேனியா டோனவானி'. முதல் பாதி லீஷ்மனுக்கு, இரண்டாம் பாதி டோனவனுக்கு. லேப் ரிப்போர்ட்டில் இன்றும் வரும் 'எல்.டி. பாடி' என்பதில் எல் லீஷ்மன், டி டோனவன்.

இரண்டாவது பெயர்

1905ல் ஜி.ஹெச். வார்டு பாய் ஒருவரின் வாய்ப்புண்ணில் வேறொரு கிருமியைப் பார்த்தார் டோனவன். பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஒரு பால்வினை நோய்க்கு அதுதான் காரணம். அதை ஓரணு உயிரி என்று அவர் நினைத்தார். அது பாக்டீரியா எனப் பின்னால் தெரிந்தது. ஆனாலும் 1950ல் அந்த நோய்க்கு 'டோனவனோசிஸ்' என்ற பெயர் முன்மொழியப்பட்டது. அடுத்த ஆண்டே, 88 வயதில் இங்கிலாந்தில் அவர் இறந்தார்.

பெயர் கிடைக்காதவர்கள்

டோனவனுக்கு 20 வருஷங்களுக்கும் முன்பே அந்தப் புண் நோயைப் பற்றி எழுதியவர் கொல்கத்தா டாக்டர் கென்னத் மெக்லியோட். நோய்க்கு அவர் பெயர் வரவில்லை. 1920களில் காலா அசாருக்கு 'யூரியா ஸ்டிபமின்' மருந்தைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. ஒட்டுண்ணியின் பெயரில் அவருக்கும் இடமில்லை. ஊசிக்கு உடம்பைக் கொடுத்த சிறுவனையும், அந்த வார்டு பாயையும் சொல்லவே வேண்டாம்.

புதிய தொற்றுநோய்களுக்கு ஆட்களின் பெயரோ ஊர்ப்பெயரோ வைக்க வேண்டாம் என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பழைய பெயர்கள் மட்டும் அப்படியே தொடர்கின்றன. சென்னைக்காரர்களுக்கு டோனவனின் இன்னொரு அடையாளமும் உண்டு: 1911ல் தொடங்கிய ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளர் இவர்தான்.