கிரிஃபித் விட்டுச் சென்ற தொலைநோக்கி

மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்னும் தகுதியைப் பெற்றது. பகலில் புலியைத் தேடிப் போகிறவர்கள் இரவில் அங்கே விண்மீன்களையும் காணலாம். லடாக்கின் ஹான்லே பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 2022-இல். அமெரிக்காவில் இந்த வழக்கம் இன்னும் பழையது. யூட்டா மாநிலத்தின் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007-லேயே இத்தகுதியைப் பெற்றுவிட்டது. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தன்னார்வலர்கள் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி, வருவோர்க்கு வானியலின் முதற்பாடத்தைக் கற்பிக்கிறார்கள்.

நல்ல செய்திகள்தாம். ஆனால், வாழ்நாளெல்லாம் பொது நிதியியல் கற்பித்த எனக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது. அங்கே போகிறவர்கள் யார்? இருள் இருக்கும் இடத்துக்குப் பேருந்து இருப்பதில்லை. வாகனமும் விடுப்பும் தங்கும் செலவும் உள்ளவர்க்கே அந்த வானம். நகரத்தில் நாட்கூலிக்கு உழைப்பவரின் பிள்ளை சனிக்கோளின் வளையத்தை எங்கே போய்ப் பார்க்கும்?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தம் உயிலில் விடை எழுதி வைத்தவர் கிரிஃபித் ஜென்கின்ஸ் கிரிஃபித். முதற்பெயரும் குடும்பப்பெயரும் ஒன்றே. ஹாலிவுட் திரைப்படங்களில் அடிக்கடி தலைகாட்டும் அந்த மூன்று குவிமாட வெள்ளைக் கட்டடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருடைய வாழ்க்கை போற்றிப் பாடத்தக்கதன்று. எழுத வேண்டியது என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1850-இல் வேல்ஸ் நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கிரிஃபித். பதின்ம வயதில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தார். 1873-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பதிப்பு நிறுவனத்தின் மேலாளர். 1878-இல் ஒரு நாளிதழின் சுரங்கத் துறைச் செய்தியாளர். வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றி எழுத எழுத, எந்தச் சுரங்கம் தேறும், எது தேறாது என்னும் அறிவு அவரிடம் சேர்ந்தது. அந்த அறிவை முதலாளிகளுக்கு விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். தகவலுக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

1882-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு வந்து, ராஞ்சோ லாஸ் ஃபெலிஸ் என்னும் பழைய பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 4,000 ஏக்கரை வாங்கினார். அங்கே ஒரு நெருப்புக்கோழிப் பண்ணையும் நடந்தது. 1887-இல் கிறிஸ்டினா மெஸ்மர் என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். தம்மைக் கர்னல் என்று அழைத்துக்கொண்டார். மாநிலக் காவற்படையில் துப்பாக்கிப் பயிற்சிக்கான மேஜர் என்பதே அவர் வகித்த பதவி. குள்ளமான உருவம், பொன்பிடி போட்ட கைத்தடி, பெரிய நடை. ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருடைய பணத்தைப் பார்த்து வணங்கியது.

1896 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பரிசு என்று சொல்லி 3,015 ஏக்கர் நிலத்தை நகரத்துக்குக் கொடையாக அளித்தார். எளிய மக்கள் ஓய்வெடுக்கவும் உலவவும் உரிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். வரியைத் தவிர்க்கவே வறண்ட குன்றுகளைத் தலையில் கட்டினார் என்று அன்றே சிலர் பேசினார்கள். இருக்கலாம். கொடையின் உள்நோக்கத்தை அளக்கும் கருவி எங்கள் துறையில் இல்லை. அதன் பயனை மட்டுமே அளக்க முடியும். இன்று விரிவடைந்து 4,200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கிரிஃபித் பூங்கா, அமெரிக்காவின் மிகப்பெரிய நகரப் பூங்காக்களுள் ஒன்று.

இதுவரை சொன்னதோடு நின்றிருந்தால், ஊருக்கு ஊர் சிலையாக நிற்கும் வள்ளல்களுள் ஒருவராக இவரும் இருந்திருப்பார்.

மேடையில் மதுவிலக்கை ஆதரித்த அவர், தனிமையில் பெருங்குடிகாரர். குடி மனத்தைத் தின்றது. கத்தோலிக்கரான தம் மனைவி, போப்பாண்டவருடன் சேர்ந்து தமக்கு நஞ்சிடச் சூழ்ச்சி செய்வதாக நம்பத் தொடங்கினார். 1903 செப்டம்பர் 3-ஆம் நாள், சாண்டா மோனிகாவில் ஆர்க்கேடியா என்னும் கடற்கரை விடுதியின் அறையில், மண்டியிட்டிருந்த மனைவியை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். கடைசி நொடியில் அவர் தலையைத் திருப்பிக்கொண்டதால் உயிர் பிழைத்தார். சாளரம் வழியாகக் குதித்துக் கீழிருந்த கூரையில் விழுந்து தப்பினார். அவருடைய வலக்கண் போய்விட்டது.

வழக்கில் கிரிஃபித்துக்காக வாதாடியவர் அக்காலத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஏர்ல் ரோஜர்ஸ். குடியால் விளைந்த பித்து என்று அவர் முன்வைத்த வாதம் தண்டனையைக் குறைத்தது. கிடைத்தது இரண்டு ஆண்டுச் சிறை. சான் குவென்டின் சிறையில் அதை ஏறத்தாழ முழுமையாகக் கழித்துவிட்டு 1906 இறுதியில் வெளியே வந்தார். ஒரு பெண்ணின் கண்ணுக்கு இரண்டு ஆண்டு என்பது அன்றைய அளவுக்கும் மலிவான தண்டனை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனைவிக்கு மணவிலக்கும் மகனை வளர்க்கும் உரிமையும் கிடைத்தன.

சிறையிலிருந்து வந்தவர் சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசினார். 1910-இல் நூலும் எழுதினார். கேட்பதற்கு ஆளில்லை. இந்தக் காலத்தில்தான் அவர் வானத்தை நோக்கித் திரும்பினார். நகருக்கு மேலே வில்சன் மலையில் 60 அங்குலத் தொலைநோக்கி 1908-இல் செயற்படத் தொடங்கியிருந்தது. அன்று செயற்பட்டவற்றுள் உலகிலேயே பெரியது அது. அதன் வழியே பார்க்கும் வாய்ப்பு கிரிஃபித்துக்குக் கிடைத்தது. அந்தக் காட்சி அவரை அசைத்துவிட்டது. மனிதர் அனைவரும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் உலகமே மாறிவிடும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

வானாய்வகம் என்பது எட்டாத மலையுச்சியில், அறிஞர்க்கு மட்டும் உரியதாய் இருக்க வேண்டும் என்பதே அக்கால வழக்கம். ஆய்வுக்கு அது சரி. ஆனால் கிரிஃபித் வேறொரு தேவையைக் கண்டார். ஆய்வுக்கான தொலைநோக்கி வேறு, ஊராருக்கான தொலைநோக்கி வேறு. இரண்டாவது ஊருக்கு அருகில் இருக்க வேண்டும்.

1912 டிசம்பரில், தாம் கொடுத்த பூங்காவின் ஹாலிவுட் குன்றின்மேல் பொதுமக்களுக்கான வானாய்வகம் கட்ட ஒரு லட்சம் டாலர் தருவதாக நகரத்துக்கு எழுதினார். மறு ஆண்டு, ஒரு திறந்தவெளி அரங்குக்கு மேலும் 50,000 டாலர். நகர மன்றம் ஏற்க முனைந்தது. பூங்கா ஆணையத்தார் எதிர்த்தார்கள். குற்றவாளியிடம் கைநீட்டி வாங்குவது கையூட்டு வாங்குவதற்குச் சமம் என்றும், இந்தப் பணத்தை வாங்கும் அளவுக்கு இவ்வூர் ஏழையாகிவிடவில்லை என்றும் எதிர்ப்பாளர்கள் பொதுவில் முழங்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தம் வாழ்நாளில் இது நடவாது என்று உணர்ந்த கிரிஃபித், பணத்தை அறக்கட்டளையாக்கி, விவரங்களை உயிலில் எழுதினார். 1919 ஜூலையில் இறந்தார்.

எதிர்த்தவர்களைக் குறுகிய மனத்தினர் என்று பிற்காலத்தார் எழுதுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கொடை என்பது இலவசமாக வருவதில்லை. கொடுப்பவர்க்கு மாலையும் மேடையும் மறதியும் விலையாகக் கொடுக்கப்படுகின்றன. கண்ணிழந்த ஒரு பெண் அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கும்போது அந்த விலையைக் கொடுக்க மாட்டோம் என்று நகரத்தார் சொன்னது நேர்மையான கணக்கு. அவர் இறந்த பின் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டதும் நேர்மையான கணக்குத்தான். பணம் யாரையும் சுடவில்லை.

காலம் தாழ்ந்ததால் நகரத்துக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்பது இந்தக் கதையின் விந்தை. உயில் மூன்றைக் கேட்டது: மக்கள் எட்டிப் பார்க்க ஒரு தொலைநோக்கி, இயல் அறிவியலை விளக்கும் ஓர் அரங்கம், வானியல் படங்களைக் காட்டும் ஒரு திரையரங்கு. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் ஜெர்மனியில் சைஸ் நிறுவனம், குவிமாடத்துக்குள் செயற்கை வானத்தைக் காட்டும் கோளரங்கக் கருவியை உருவாக்கியது. அதனால் திரையரங்கின் இடத்தைக் கோளரங்கம் பெற்றது. 1912-லேயே கட்டியிருந்தால் இது வாய்த்திருக்காது. கட்டுமானம் 1933-இல் பெருமந்தத்தின் நடுவே தொடங்கியது. பொருள்களின் விலை வீழ்ந்துகிடந்ததால் அதே பணத்தில் உயர்ந்த பொருள்களைக் கொண்டு கட்ட முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கம் வந்து போயிருந்தமையால், சுட்டமண் ஓடுகளைப் பதிக்கும் திட்டத்தைக் கைவிட்டுச் சுவர்களைத் தடித்த கான்கிரீட்டால் எழுப்பினார்கள்.

1935 மே 14-ஆம் நாள் வானாய்வகம் திறக்கப்பட்டது. முதல் ஐந்து நாள்களில் 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, விண்மீன்களைக் கொண்டு திசையறியும் பயிற்சியை விமானிகள் அங்கே பெற்றார்கள். பின்னாளில் அப்பல்லோ விண்வெளி வீரர்களும் அக்கோளரங்கில் பயின்றார்கள். ஆயினும் அதன் உயிர்நாடி கூரையில் உள்ள 12 அங்குல சைஸ் தொலைநோக்கிதான். இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியே பார்த்திருக்கிறார்கள்.

பொதுப்பண்டம் என்றால் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டுவது பொருளாதார ஆசிரியர்களின் வழக்கம். ஒரு கப்பல் ஒளியைக் கண்டதால் இன்னொரு கப்பலுக்கு அது குறைந்துவிடாது. தொலைநோக்கி அப்படியன்று. ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும். நுழைவாயிலில் கட்டணமும் வாங்க முடியும். இலக்கணப்படி அது தனியார் பண்டம். அதைப் பொதுவாக்கியது ஓர் உயில் மட்டுமே. அதன்படி இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை. கோளரங்கக் காட்சிக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். விலை இல்லாத இடத்தில் பங்கிடும் வேலையை வரிசை செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்றபோது முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மெக்சிகோ குடும்பம், பின்னால் விலையுயர்ந்த மேலங்கி அணிந்த ஒருவர். மூவருக்கும் விதிக்கப்பட்ட விலை ஒன்றே: அந்த முக்கால் மணி நேரம். கண்ணாடியில் கண் பதித்த அரை நிமிடத்தில் சனிக்கோள் வளையத்துடன் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்டினா 1948 வரை வாழ்ந்தார். கணவரின் பெயரைத் தாங்கிய கட்டடம் குன்றின்மேல் எழுந்து, முதல் பதின்மூன்று ஆண்டுகள் நிரம்பி வழிந்தபோதும் அவர் உயிரோடு இருந்தார். தொலைநோக்கி வழியே உலகம் முழுவதும் பார்க்க வேண்டும் என்று விரும்பிய மனிதர் பறித்தது ஒரு கண்ணை என்பதை, அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

குன்றின் அடியில் நகரம் வளர்ந்தது; ஒளியும் வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டு விளக்கும் அந்த வீட்டுக்குப் பயன். எல்லா விளக்குகளும் சேர்ந்து அனைவரின் வானத்துக்கும் இழப்பு. புறவிளைவு என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை அங்கே அண்ணாந்தால் பார்க்கலாம். நிலவும் கோள்களும் ஒளிமிக்க விண்மீன்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. 1994 ஜனவரி 17 அதிகாலையில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் நகரைக் குலுக்கியது. மின்சாரம் அறுந்தது. மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். அடுத்து வானாய்வகத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன என்று அதன் இயக்குநர் பின்னர் சொல்லியிருக்கிறார். வானம் விசித்திரமாக இருக்கிறதே, நிலநடுக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தவை விண்மீன்கள் என்பது ஊழியர்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.